சீசன் ரத்தானால்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் தகுதியும் உதவித்தொகையும்

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, அந்தக் கல்வியாண்டில் மீதமிருந்த சாம்பியன்ஷிப் போட்டிகள் அத்தனையையும் ரத்து செய்தது. காரணம் கரோனா. கூடைப்பந்து ரசிகர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் ‘மார்ச் மேட்னஸ்’ தொடர் போனது. ஜூனில் ஒமாஹாவில் நடக்கவேண்டிய பேஸ்பால் தொடரும் போனது. டென்னிஸ், கோல்ஃப், தடகளம், சாஃப்ட்பால் ஆடுகிறவர்களுக்கு சீசன் அப்போதுதான் பாதியை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஆண்டு மாணவர்கள், தாங்கள் ஆடிய முந்தைய வார ஆட்டம்தான் கடைசி ஆட்டமோ என்று தெரியாமல் பெட்டி கட்டினார்கள்.

அதன்பின் நடந்த விதிமாற்றங்கள்தான் இந்த விஷயத்துக்கு இன்றும் நல்ல பாடப்புத்தகம். பிள்ளையைக் கல்லூரி விளையாட்டுக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் இதில் உண்டு. ராக்கெட்டோடு இங்கிருந்து விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். மதுரைக்காரரான தக்ஷிணேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிக்கொண்டே 2025-ல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். இந்த வழியில் போகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். விதிகளைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள்தான் குறைவு.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். “இன்னொரு வருஷம் ஆடலாமா?” என்பது ஒரு கேள்வி. “அந்த வருஷத்துக்கு யார் பணம் கட்டுவது?” என்பது வேறு கேள்வி. ரேஷன் கார்டு கையில் இருப்பதும் கடையில் அரிசி இருப்பதும் ஒன்றாகிவிடாது அல்லவா? 2020-ல் பல குடும்பங்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டதால்தான் பிறகு திகைத்து நின்றன. என்.சி.ஏ.ஏ. முதல் கேள்விக்குத் தாராளமாகப் பதில் சொன்னது. இரண்டாவதைக் கல்லூரிகளின் தலையில் போட்டுவிட்டது.

முதல் படி: ரத்து செய்தது யார்?

சீசன் ரத்து என்றால் எல்லாம் ஒரே வகை கிடையாது. என்.சி.ஏ.ஏ.வே நாடு முழுக்க நிறுத்தினால், நிவாரணமும் பெரும்பாலும் நாடு முழுக்க ஒரே உத்தரவாக வரும். பல கல்லூரிகள் சேர்ந்த கூட்டமைப்பு மட்டும் நிறுத்துவது அடுத்த வகை. ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கும் ஐவி லீக், 2020-ல் என்.சி.ஏ.ஏ.வுக்கு ஒருநாள் முன்பே வசந்தகாலப் போட்டிகளை நிறுத்தியது. அடுத்த குளிர்காலத்தையும் மற்றவர்கள் ஆடத் தயாராகிக்கொண்டிருந்தபோதே ரத்து செய்தது. கல்லூரியே அணியைக் கலைப்பது மூன்றாவது. ஸ்டான்ஃபர்ட் 2020 ஜூலையில், வைத்திருந்த 36 விளையாட்டுகளில் 11-ஐ நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 2021 மே மாதம் பின்வாங்கியது.

தண்டனையாக ரத்தாவது நான்காவது வகை. அரிது. வீரர்களுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்ததற்காக, தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் 1987 ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) சீசனை என்.சி.ஏ.ஏ. முழுதாக அழித்தது. மிச்சமிருந்த வீரர்கள், வழக்கமான ஓராண்டுக் காத்திருப்பு இல்லாமல் வேறு கல்லூரிக்கு மாற அனுமதிக்கப்பட்டார்கள்.

உங்கள் பிள்ளையின் வழக்கு எந்த வகை என்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்று தெரியும். பொது உத்தரவு இல்லாத நேரத்தில், தனி விலக்கு கேட்டு கல்லூரிதான் விண்ணப்பிக்க வேண்டும். மாணவரோ பெற்றோரோ நேரடியாக என்.சி.ஏ.ஏ.வுக்கு மனு போட முடியாது. ஆகவே கல்லூரிக்கு அக்கறை இருக்கிறதா என்பதிலேயே பாதி விஷயம் அடங்கிவிடுகிறது.

இரண்டாம் படி: சீசனையும் கடிகாரத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள்

என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. அதில் மேல்பிரிவான டிவிஷன் 1-ன் விதி இப்படி: முழுநேர மாணவராகக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக் கடிகாரம் ஒன்று ஓடும். அந்த ஐந்துக்குள் நான்கு சீசன் ஆடலாம். இடையில் விடுப்பு எடுத்தாலும், காயம்பட்டுக் கிடந்தாலும் கடிகாரம் நிற்காது. ஒரு சீசனை ஆடாமல் உட்கார்ந்து சேமிப்பதை ‘ரெட்ஷர்ட்’ என்பார்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரே ஒரு போட்டியில் சிறிது நேரம் இறங்கினாலும் ஒரு சீசன் செலவாகிவிடும். ஃபுட்பாலில் 2018 முதல் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் சீசன் கழியாது. பாதியில் நின்ற சீசன் ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினையாகிறது என்பது இதிலிருந்தே புரியும்: பிப்ரவரியில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டவருக்கு, மார்ச்சில் எல்லாம் நின்றாலும் விதிப்படி முழுச் சீசனும் போய்விடுகிறது.

2020 மார்ச் 30 அன்று டிவிஷன் 1 கவுன்சில் வசந்தகால விளையாட்டுகளுக்குத் தந்த நிவாரணத்தில் இரண்டு பகுதி இருந்தது. ஒன்று, இழந்த சீசனைத் திருப்பித் தருவது. மற்றொன்று, கடிகாரத்தை ஓராண்டு நீட்டுவது. இரண்டும் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இரண்டு டென்னிஸ் வீராங்கனைகளை எண்ணிப் பாருங்கள். முதலாமவர் 2016 ஆகஸ்டில் சேர்ந்து, 2017 முதல் 2020 வரை விடாமல் ஆடியவர். அவருக்குக் கடிகாரத்தில் இன்னும் ஓராண்டு மிச்சம். சீசனைத் திருப்பித் தந்தாலே 2021-ல் ஆடிவிடுவார். மற்றவர் 2015-ல் சேர்ந்து, ஓராண்டு ரெட்ஷர்ட் ஆனவர். அவருடைய ஐந்தாண்டும் 2020 கோடையோடு முடிந்தது. அவருக்குச் சீசனை மட்டும் திருப்பித் தந்தால், வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடிகாரமும் நீண்டால்தான் உண்டு.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: சேர்ந்த மாதமும் வருடமும், ஆடிய சீசன்கள், ஆடாமல் விட்டவை, அதற்கான காரணம். வருகிற அறிவிப்பு சீசனைத் தருகிறதா, கடிகாரத்தைத் தருகிறதா, இரண்டையுமா என்று அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள்.

குளிர்கால விளையாட்டுகளின் கதை வேறு. 2020 மார்ச்சில் கூடைப்பந்துக்காரர்களுக்குக் கூடுதல் ஆண்டு கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட முழுச் சீசனும் ஆடிவிட்டார்கள், கடைசித் தொடர்தானே போனது என்பது வாதம். வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் தொடரை ‘கடைசித் தொடர்தானே’ என்று சொல்லிவிடலாமா என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான். ஆனால் விதி அப்படி. அடுத்த கல்வியாண்டில் நிலைமை மாறியது. 2020 ஆகஸ்டில் இலையுதிர்கால விளையாட்டுகளுக்கும், அக்டோபரில் குளிர்கால விளையாட்டுகளுக்கும், ஆடினாலும் ஆடாவிட்டாலும் அந்த 2020-21 சீசன் கணக்கில் சேராது என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அந்தச் சலுகை பெற்றவர்கள் 2025 வரையிலும் களத்தில் இருந்தார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்காரர்களோடு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மோதவேண்டி வந்தது இதனால்தான்.

டிவிஷன் 2, டிவிஷன் 3 கல்லூரிகளில் கடிகாரம் ஆண்டுக்கணக்கில் ஓடாது, பத்து செமஸ்டர் என்று படித்த பருவங்களை எண்ணும். படிக்காத பருவத்தில் அது நிற்கும். 2020-ல் அங்கும் வசந்தகாலத்தவர்களுக்குச் சீசன் திரும்பக் கிடைத்தது. என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பின் கல்லூரிகளும் அதையே செய்தன.

மூன்றாம் படி: கல்லூரி சம்மதிக்கிறதா?

என்.சி.ஏ.ஏ. கதவைத் திறந்தாலும் கல்லூரி உள்ளே விடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2020 ஏப்ரலில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், கடைசி ஆண்டு வசந்தகால வீரர்களுக்குக் கூடுதல் ஆண்டு கேட்கப்போவதில்லை என்று அறிவித்தது. பட்டம் வாங்கி வாழ்க்கையைப் பார்க்கட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஐவி லீக்கில், பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஆடக்கூடாது என்பது பழைய வழக்கம். 2020-ல் அதைத் தளர்த்த மறுத்தார்கள். அடுத்த ஆண்டும் சீசன்கள் போனபிறகு, 2021 பிப்ரவரியில் ஒரே ஒருமுறை விலக்கு தந்தார்கள். அதற்குள் பலர் வேறு கல்லூரியில் மேற்படிப்புக்குச் சேர்ந்து ஆடப் போயிருந்தார்கள்.

நான்காம் படி: பணம்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

முதலில் நடப்பு ஆண்டு. போட்டிகள் நின்றதால் அந்த ஆண்டின் உதவித்தொகை நின்றுவிடாது. விளையாட்டு உதவித்தொகை என்பது கையெழுத்திட்ட ஒப்பந்தம். ஒப்பந்தக் காலத்துக்குள் மாணவர் தகுதி இழந்தாலோ, பொய்த் தகவல் தந்தாலோ, கடும் ஒழுங்கீனம் செய்தாலோ, தானாக அணியைவிட்டு விலகினாலோதான் அதை ரத்து செய்யலாம். சீசன் நடக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2020-21-ல் கரோனாவுக்குப் பயந்து ஆட மறுத்தவர்களின் உதவித்தொகையைக்கூடத் தொடக்கூடாது என்று என்.சி.ஏ.ஏ. தனியாக விதி போட்டது. ஆகவே பயிற்சியாளர் வாய்மொழியாக எதைச் சொன்னாலும், பிள்ளை பதற்றத்தில் “நான் விலகிக்கொள்கிறேன்” என்று எந்த மின்னஞ்சலும் அனுப்பக்கூடாது. அந்த ஒரு வரி ஒப்பந்தத்தையே முடித்துவிடும்.

அடுத்து, வரும் ஆண்டு. ஒப்பந்தத்தை எடுத்து, அது ஓராண்டுக்கா பல ஆண்டுக்கா என்று பாருங்கள். 2012 முதல்தான் டிவிஷன் 1 கல்லூரிகள் பல ஆண்டு ஒப்பந்தம் தரலாம் என்றானது. இன்றும் ஓராண்டு ஒப்பந்தங்கள் ஏராளம். புதுப்பிக்கிறோமா இல்லையா என்பதைக் கல்லூரி ஜூலை 1-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குறைத்தாலோ நிறுத்தினாலோ, மேல்முறையீட்டு விசாரணை கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அந்த விசாரணையை நடத்துவது விளையாட்டுத் துறைக்கு வெளியே இருப்பவர்கள். இந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. பயிற்சியாளருக்குக் கோபம் வருமே என்ற நம் ஊர்த் தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு அங்கே இடம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, கூடுதலாகக் கிடைத்த ஆண்டு. 2020 உத்தரவின்படி, கடைசி ஆண்டு முடித்துத் திரும்பி வருகிறவருக்கு, முன்பு தந்த அதே தொகையைத் தரலாம், குறைத்துத் தரலாம், ஒரு டாலர்கூடத் தராமலும் இருக்கலாம். முடிவு கல்லூரியுடையது.

கல்லூரிகளுக்கு ஏன் பணம் தர இந்தத் தயக்கம்? அன்றைய உச்சவரம்புகளைப் பாருங்கள். சில விளையாட்டுகளில் உதவித்தொகையைத் தலைக்கணக்கில் எண்ணினார்கள்: பெரிய ஃபுட்பால் கல்லூரிகளில் 85 பேர், ஆண்கள் கூடைப்பந்து 13, பெண்கள் கூடைப்பந்து 15, பெண்கள் டென்னிஸ் 8. இவற்றில் ஒருவருக்குத் தொகை தந்தால், அது எவ்வளவானாலும் ஓர் இடம் கழியும்; அதனால் பெரும்பாலும் முழுத் தொகையே தந்தார்கள். மற்றவற்றில் மொத்தத் தொகையைப் பங்குபோட்டார்கள். ஆண்கள் டென்னிஸுக்கு ஓர் அணிக்கே 4.5 முழு உதவித்தொகைதான். ஒன்பது பேர் இருந்தால் ஆளுக்குப் பாதி. பேஸ்பாலில் 11.7-ஐ 27 பேர் வரை பிரித்துக்கொள்ளலாம், ஆளுக்குக் குறைந்தது கால் பங்கு. ஒரே கல்லூரியில் அக்காவுக்கு முழுத் தொகை, தம்பிக்கு நாற்பது சதவீதம் என்றிருந்தது இதனால்தான்.

பழையவர்கள் திரும்பி வர, புதியவர்களும் வந்து சேர, இந்த வரம்புக்குள் எல்லோரையும் அடக்க முடியாது. அதனால் 2020-21-க்கு மட்டும், திரும்பி வந்த கடைசி ஆண்டுக்காரர்களின் தொகையை வரம்பில் சேர்க்கவேண்டாம் என்றார்கள். இந்த விலக்கின் ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. 2020-ல் முதலாண்டு படித்தவருக்கும் சீசன் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் அந்தக் கூடுதல் ஆண்டைப் பயன்படுத்தும் நேரம் 2024-ல்தான் வரும். அப்போது வரம்பு விலக்கு இல்லை. தகுதி இருக்கிறது, அணியில் அவருக்கென்று பணம் ஒதுக்கியிருக்காது. சீனியருக்காகச் செய்த ஏற்பாட்டைத் தனக்கும் உண்டென்று ஜூனியர் எண்ணிக்கொள்வதுதான் இதில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

டிவிஷன் 3-ல் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஐவி லீக்கிலும் இல்லை. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிதான். அங்கே கூடுதல் ஆண்டு என்றால் இன்னோர் ஆண்டுக் கட்டணம், அவ்வளவே.

ஐந்தாம் படி: யாரிடம், என்ன கேட்பது?

பயிற்சியாளரிடம் அணியில் இடம் உண்டா என்று கேட்கலாம். விதியைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் என்று ஒன்று உண்டு. விதி அவர்கள் வேலை. மாணவர்தான் எழுத வேண்டும், பெற்றோர் எழுதினால் தனியுரிமைச் சட்டத்தைக் காட்டிப் பதில் தரமாட்டார்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசி முடித்ததும் “நீங்கள் சொன்னது இது, சரிதானா?” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்.

கேட்கவேண்டியவை இவை. எனக்கு இன்னும் எத்தனை சீசன் பாக்கி, கடிகாரம் எந்த மாதத்தில் முடிகிறது? விலக்கு தானாகக் கிடைக்கிறதா, கல்லூரி விண்ணப்பிக்க வேண்டுமா, விண்ணப்பித்துவிட்டார்களா? கூடுதல் ஆண்டுக்கு எத்தனை சதவீதம், எந்த ஒப்பந்தத்தில்? கோடைகாலப் பாடங்களுக்கும் சேர்த்தா? மேற்படிப்புக் கட்டணம் இளங்கலையைவிட அதிகமென்றால் வித்தியாசத்தை யார் கட்டுவது?

கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நாற்பது சதவீதம் என்பது எதில் நாற்பது என்று கேட்டால்தான் கையிலிருந்து போகிற தொகை தெரியும்.

ஆறாம் படி: படிப்பு

ஆட வேண்டுமென்றால் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். இளங்கலைக்கு ஒரு பருவத்தில் 12 கிரெடிட் (பாட அலகு). டிவிஷன் 1-ல் மூன்றாம் ஆண்டுக்குள் நுழையும்போது பட்டத்தில் 40 சதவீதம், நான்காமாண்டில் 60, ஐந்தாமாண்டில் 80 முடித்திருக்க வேண்டும். சீசன் ரத்தான மனச்சோர்வில் அந்தப் பருவத்துப் பாடங்களைக் கைவிட்ட பிள்ளைகள், சீசன் திரும்பக் கிடைத்தும் இந்தக் கணக்கில் இடறியிருக்கிறார்கள். பட்டம் முடிந்துவிட்டால், அதே கல்லூரியிலோ வேறெங்கோ மேற்படிப்பில் சேர்ந்துதான் மீதிச் சீசனை ஆட முடியும்.

ஏழாம் படி: எஃப்-1 மாணவர் விசாக்காரர்களுக்கு

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் பாதிதான். என்.சி.ஏ.ஏ. தரும் கூடுதல் ஆண்டுக்கும் அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் ஒரு முடிவுத் தேதி இருக்கும். அதை நீட்டிக்க, படிப்பு சம்பந்தமான வலுவான காரணமோ மருத்துவக் காரணமோ வேண்டும். “இன்னொரு சீசன் ஆடணும்” என்பது காரணமாகாது. நீட்டிப்பை அந்தத் தேதிக்கு முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகம் செய்தாக வேண்டும்.

படிப்பு முடிந்தபின் 60 நாள் அவகாசம். அதற்குள் மேற்படிப்புக்குப் புது ஐ-20 அல்லது வேலைப் பயிற்சிக்கான ஓ.பி.டி. விண்ணப்பம், இரண்டிலொன்று நடந்தாக வேண்டும். புது ஐ-20-க்கு முதலாண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டவேண்டும். உதவித்தொகை பாதியாகக் குறைந்தால் மீதிக்கு வங்கிச் சான்று உங்கள் பொறுப்பு. ‘பெல்’ போன்ற அமெரிக்க அரசு மானியங்கள் இவர்களுக்குக் கிடையாது. இன்னொன்று: விடுதி, சாப்பாட்டுக்கான உதவித்தொகைக்கு வரி உண்டு; வெளிநாட்டு மாணவர்களுக்கு வழக்கமாக 14 சதவீதம் பிடிப்பார்கள். முழுத் தொகை என்று சொல்லப்பட்டதில் சில நூறு டாலர் குறைந்து வந்தால் இதுதான் காரணம்.

எட்டாம் படி: கல்லூரி மாறுவது

கல்லூரி மாற விரும்புகிறவர்களின் இணையப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போடுவது இன்று எளிதான வேலை. போட்டவுடன், பழைய கல்லூரி அந்தப் பருவ முடிவோடு உதவித்தொகையை நிறுத்த இடம் கிடைத்துவிடுகிறது. புது இடம் கிடைக்காமல் திரும்பி வந்தால் பழைய இடம் காத்திருக்க வேண்டுமென்ற அவசியமும் இல்லை. பெயர் போடுவதற்கு முன் எல்லாக் கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வந்திருக்க வேண்டும்.

பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள் கவனிக்க: சீசன் ரத்தானால் அதிகம் அடிபடுவது நீங்கள்தான், உங்கள் சீசன் ரத்தாகாவிட்டாலும். 2020-ல் பழையவர்கள் அணியிலேயே தங்கினார்கள். போதாததற்கு, தொழில்முறை பேஸ்பால் தன் ஆள் தேர்வை 40 சுற்றிலிருந்து 5 சுற்றாகச் சுருக்கியதால், வெளியே போகவேண்டியவர்களும் கல்லூரியிலேயே நின்றார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் புதியவர்களுக்கு இடமே இல்லை.

இனி ஒரு சீசன் ரத்தானால் இந்த நெருக்கடி இன்னும் கடுமையாகலாம். என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக வீரர்கள் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கில், 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளில் பழைய உதவித்தொகை வரம்புகள் போய்விட்டன. பதிலாக அணியில் எத்தனை பேர் என்பதற்கே வரம்பு வந்துவிட்டது. ஃபுட்பாலுக்கு 105, பேஸ்பாலுக்கு 34. அணியில் உள்ள அத்தனை பேருக்கும் முழுத் தொகை தரக் கல்லூரிக்கு அனுமதி உண்டு, ஆனால் கூடுதலாக ஓர் ஆளைச் சேர்க்க முடியாது. 2020-ல் பணமில்லாமலாவது அணியில் ஒட்டிக்கொள்ள வழி இருந்தது. இப்போது பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொள்ள இன்னொருவரை வெளியேற்ற வேண்டும். ஆகவே சேரும் கல்லூரி அந்தச் சமரசத்தில் சேர்ந்ததா என்பதையும், கடைசி ஆண்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.